ஒரு குழந்தையின் பொருட்டுத் திருப்பியனுப்பப்படும் குடும்பங்கள்

அயல் தேசத்தார் ஒருவர் தன் எல்லைக்குள் வந்து வாழ விரும்பும்போது, அவருடைய தேக நிலையைப் பரீட்சித்துப் பார்க்கும் அதிகாரம் எந்த ராஜாங்கத்துக்கும் உண்டு என்பதை யாரும் மறுப்பதற்கில்லை. காசநோய் தீராத ஒருவரைச் சிகிச்சை முடியும் வரையில் காத்திருக்கச் சொல்வது, அவரோடு பழகப்போகும் பலருக்குச் செய்யும் பாதுகாப்பு. அதில் குறை காண இடமில்லை. ஆனால் பிறரைத் தொற்றாத, பிறருக்கு எவ்விதத் தீங்கும் விளைக்காத ஒரு குறைபாட்டோடு பிறந்த குழந்தையைச் சுட்டிக்காட்டி, அதன் தாய், தந்தை, உடன்பிறந்தோர் அனைவரையும் ஒருசேர, உங்களால் எங்கள் கஜானாவுக்குச் செலவு அதிகம் என்று சொல்லித் திருப்பியனுப்புவது முற்றிலும் வேறு விஷயம். ஆஸ்திரேலியாவில் இந்த இரண்டாவது காரியம் பல்லாண்டுகளாகச் சட்டத்தின் பெயரால் நடந்து வருகிறது. இதற்கு ஒரு விலக்கும் அந்தச் சட்டத்துக்குள்ளேயே வைக்கப்பட்டிருக்கிறது. ஆயினும், அந்த விலக்கு சில விசாக்களுக்கு உண்டு, சிலவற்றுக்கு இல்லை என்று பிரித்து வைத்திருக்கும் ஏற்பாடும், இல்லாதவர்கள் முடிவில் ஒரு மந்திரியின் தயவை நாடி நிற்கும்படி நேர்கிற நிலையும் நியாயத்துக்குப் பொருந்துவன அல்ல என்பதே இக்கட்டுரையில் நான் சொல்ல விரும்புவது.

இந்த வழக்கத்தின் வேர் ஆழமானது. ஆஸ்திரேலியக் காலனிகள் ஒன்றுகூடிக் கூட்டாட்சியாக மலர்ந்த 1901ஆம் வருஷத்திலேயே, அந்நாட்டுப் பார்லிமெண்ட் குடியேற்றக் கட்டுப்பாட்டுச் சட்டம் ஒன்றை இயற்றியது. வெள்ளையரல்லாதாரைத் தடுக்கும் பொருட்டு ஐரோப்பிய மொழி ஒன்றில் வாசகம் சொல்லி எழுதச் செய்து பரீட்சை வைத்த சட்டம் என்றே சரித்திரம் அதனை நினைவில் வைத்திருக்கிறது. அதே சட்டத்தின் அதே பிரிவில், சித்தப் பிரமை உள்ளவர்கள், கொடிய தொற்றுநோய் கொண்டவர்கள், பொதுமக்களுக்குப் பாரமாகக்கூடியவர்கள் ஆகியோரும் உள்ளே வரத் தகாதவர்கள் என்று விதிக்கப்பட்டிருந்தது. நிறத்தையும் இனத்தையும் காரணமாகக் காட்டும் கொள்கையை அந்த நாடு 1973க்குள் முழுமையாகக் கைவிட்டது. அதற்காக அதனைப் போற்றுகிறோம். பாரம் என்ற காரணமோ வேறு உருவங்கொண்டு, கணக்குப் புத்தகத்தின் பாஷையில் இன்றும் ஜீவித்திருக்கிறது.

அந்தக் கணக்கு எவ்வாறு போடப்படுகிறது என்பதைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். விசாவுக்கு விண்ணப்பித்த குடும்பம், ஆஸ்திரேலிய அரசாங்கம் அங்கீகரித்த மருத்துவரிடம் செல்ல வேண்டும். நம்மவர் 'மெடிக்கல்' என்று சுருக்கமாகச் சொல்லும் அந்தப் பரிசோதனையில், பாஸ்போர்ட்டைச் சரிபார்த்து, புகைப்படம் பிடித்து, உயரத்தையும் எடையையும் குறித்துக்கொண்டு, பழைய வியாதிகளையும் சிகிச்சைகளையும் விசாரிக்கிறார்கள். 11 வயது நிரம்பியவர்களுக்கு மார்பு எக்ஸ்ரேயும், 15 வயது நிரம்பியவர்களுக்கு எச்.ஐ.வி. ரத்தப் பரிசோதனையும் உண்டு. முடிவுகள் கணினி வழியாக அனுப்பப்படுகின்றன. சந்தேகத்துக்கு இடமளிக்கும் கோப்பு, காமன்வெல்த் மருத்துவ அதிகாரி எனப்படும் ஒருவரிடம் செல்கிறது. அவர் அந்தக் குழந்தையை நேரில் காண்பதில்லை. காகிதங்களைப் படித்து, இத்தகைய குறைபாடு இத்தகைய அளவில் உள்ள ஒருவருக்கு இத்தனை காலத்தில் மருத்துவத்துக்கும் சமூக உதவிகளுக்கும் இன்ன தொகை செலவாகலாம் என்று அவர் ஒரு மதிப்பீடு எழுதுகிறார். அவர் எழுதுகிற அபிப்பிராயத்தைச் சரியானதென்றே விசா அதிகாரி ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பது விதி.

இந்த மதிப்பீட்டில் கவனிக்கத்தக்க அம்சம் ஒன்று உண்டு. கண்முன் நிற்கும் குழந்தை அந்தச் சேவைகளை உண்மையில் உபயோகிக்கப் போகிறதா என்பது கேள்வியே அல்ல. அதே நிலையில் உள்ள, கற்பனையான ஒருவருக்கு என்ன செலவாகும் என்பதே கேள்வி. செலவு முழுவதையும் நானே ஏற்கிறேன் என்று தந்தை உறுதி கூறினாலும், பாட்டி உடனிருந்து பார்த்துக்கொள்வாள் என்று தாய் மன்றாடினாலும், அந்தக் கட்டத்தில் அவை செவியில் ஏறா. மதிப்பிட்ட தொகை ஒரு வரம்பைத் தாண்டிவிட்டால் குழந்தை தேறவில்லை. குழந்தை தேறாவிட்டால் அந்த விண்ணப்பத்தில் அடங்கிய குடும்பத்தில் எவரும் தேறவில்லை. ஒருவர் தவறினால் எல்லோரும் தவறினர் என்பதே இதன் சூத்திரம். வரம்பு வெகு காலம் மிகத் தாழ்வாக இருந்தது. 2010 வாக்கில் அது 21,000 ஆஸ்திரேலிய டாலர்; பின்னர்ப் படிப்படியாக உயர்ந்து 51,000 ஆயிற்று; 2024ஆம் வருஷம் ஜூலை முதல் தேதியன்று 86,000 ஆக உயர்த்தப்பட்டது. முன்பு ஆயுட்காலம் முழுவதற்குமாகப் போடப்பட்டு லட்சக்கணக்கில் வளர்ந்த கணக்கு, 2019க்குப் பின்னர் அதிகபட்சம் 10 வருஷத்துக்கு என்று குறுக்கப்பட்டது. இவை மெய்யான முன்னேற்றங்கள், மனமுவந்து பாராட்டுகிறோம். ஆனால் வரம்பு எவ்வளவு உயர்ந்தாலும், தீவிரமான குறைபாடு கொண்ட குழந்தை அதற்கு வெளியேதான் நிற்கும். அந்தக் குழந்தைக்கு வேண்டியது விலக்கு.

விலக்கு என்ன சொல்கிறது? குடியேற்ற விதிகளில் 4007 என்று எண்ணிடப்பட்ட நிபந்தனையின்படி, செலவு வரம்பை மீறியபோதிலும், அது சமூகத்துக்கு அளவு மீறிய பாரமாகாது, ஆஸ்திரேலியப் பிரஜைகள் பெறவேண்டிய சிகிச்சைக்குக் குந்தகமாகாது என்று விசா அதிகாரி திருப்தியடைந்தால், விசாவை வழங்கலாம். அந்தத் திருப்திக்கு வரும்போது இரக்கத்துக்குரிய காரணங்களையும் எண்ணிப் பார்க்க வேண்டும் என்று அந்நாட்டுப் பெடரல் நீதிமன்றத்தின் முழு அமர்வு 1999ஆம் வருஷத்திலேயே விளக்கியிருக்கிறது. இந்தக் கட்டத்தில்தான் குடும்பம் வாய் திறந்து பேச இடம் கிடைக்கிறது. வருமான வரி செலுத்திய சான்று, முதலாளி எழுதிய கடிதம், பள்ளி ஆசிரியை குழந்தையின் வளர்ச்சியைப் பற்றி எழுதிய குறிப்பு, அண்டை வீட்டார் கையொப்பமிட்ட மனு, உடன்பிறந்தவன் அங்கேயே பிறந்து வளர்ந்து வேறு பாஷை அறியான் என்ற விவரம் ஆகியவை யாவும் கோப்பில் ஏறுகின்றன. காமன்வெல்த் மருத்துவ அதிகாரியின் காகிதத்தில் ஒரு வியாதியின் பெயராகவும் ஒரு தொகையாகவும் மட்டும் இருந்த குழந்தை, இங்கேதான் முதன்முதலாக ஒரு வீட்டுப் பிள்ளையாகத் தோற்றமளிக்கிறது.

ஆனால் இந்த வாசல் எல்லோருக்கும் திறந்திருக்கவில்லை. ஆஸ்திரேலியப் பிரஜையை மணந்தவர்கள், அவர்களுடைய பிள்ளைகள், அகதிகள், முதலாளியின் ஆதரவோடு வரும் தொழிலாளரில் ஒரு பகுதியினர் ஆகியோரின் விசாக்களுக்கு 4007ஆம் நிபந்தனை உண்டு. தம் கல்வியையும் அனுபவத்தையும் புள்ளிகளாகக் கணக்கிட்டு நிரந்தர வாசத்துக்கு விண்ணப்பிக்கும் 189, 190 வகைகளுக்கும், மக்களோடு சென்று சேர விரும்பும் பெற்றோருக்கான விசாக்களுக்கும் 4005 என்ற வேறொரு நிபந்தனை. அதில் விலக்குக்கு இடமே இல்லை. நம் தமிழ்ப் பிள்ளைகள், எஞ்சினியராகவும் நர்ஸாகவும் கணக்கராகவும், 'பி.ஆர்.' வாங்குவதற்கென்று பல வருஷம் பாடுபட்டு விண்ணப்பிப்பது பெரும்பாலும் இந்த 189, 190 வகைகளில்தான் என்பதை அறிந்தவர்கள், இந்தப் பாகுபாடு நமக்கு எவ்வளவு நெருக்கமான விஷயம் என்பதை உணர்வார்கள்.

ஓர் உதாரணம் கொண்டு இதைப் பார்க்கலாம். விக்டோரியா மாநிலத்தின் சிற்றூர் ஆஸ்பத்திரி ஒன்றில் இரண்டு நர்ஸுகள் ஒரே வார்டில் வேலை செய்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒருத்தி திருநெல்வேலியிலிருந்து படிப்பை முடித்துக்கொண்டு வந்து, மாநில அரசின் பரிந்துரையோடு 190 விசாவுக்கு விண்ணப்பித்தவள். மற்றொருத்தி வேறு நாட்டிலிருந்து வந்து, ஆஸ்திரேலியர் ஒருவரை மணந்து, மனைவி என்ற முறையில் விண்ணப்பித்தவள். முந்திய விவாகத்தில் பிறந்த மகனையும் விண்ணப்பத்தில் சேர்த்திருக்கிறாள். இருவருடைய மகன்களுக்கும் ஒரே குறைபாடு, ஒரே அளவில். மதிப்பீட்டுத் தொகையும் ஒன்றே. இரண்டாமவள் தன் வாழ்க்கையை விவரித்து விலக்குக் கோரலாம். முதலாமவளுடைய கோப்பில் அவள் இரவு பகலாக நோயாளிகளைப் பேணியதைக் குறிப்பதற்கு ஒரு கட்டங்கூடக் கிடையாது. ஒரே குறைபாட்டுக்கு விசாவின் எண்ணைப் பார்த்து இரண்டு தீர்ப்பு வழங்குவதற்கு என்ன நியாயம் கற்பிக்க முடியும்? மணவாழ்க்கை புனிதமானது, அதைப் பிரிக்கக் கூடாது என்பது காரணமானால், தாயையும் மகனையும் பிரிக்காமல் இருவரையும் ஒருங்கே வெளியேற்றுவதால் மட்டும் அந்தப் புனிதம் காக்கப்பட்டுவிடுமா?

இது வெறும் தர்க்கமாக நின்றுவிடவில்லை. இதன் விளைவுகளைச் சரித்திரம் பதிந்து வைத்திருக்கிறது. பாகிஸ்தானிலிருந்து வந்து ஆஸ்திரேலியாவில் அகதியாக ஏற்கப்பட்ட ஒருவர், மனைவியையும் பெண் குழந்தைகளையும் வரவழைக்கப் பல வருஷம் முயன்றார். அவர்களில் ஒரு குழந்தைக்கு மூளை முடக்குவாதம் இருந்தது. செலவைக் காரணம் காட்டி விண்ணப்பம் மறுக்கப்பட்டது. 2001ஆம் வருஷம் ஏப்ரல் மாதத்தில், கான்பெரா நகரில் பார்லிமெண்ட் கட்டடத்தின் முன்னே அவர் தம் உடலுக்குத் தீ வைத்துக்கொண்டார். சில வாரங்களில் உயிர் நீத்தார். 2008ஆம் வருஷம், விக்டோரியாவின் மேற்கே ஹார்ஷம் என்னும் ஊரில், டாக்டருக்குத் தவித்துக்கொண்டிருந்த மக்களுக்குச் சேவை செய்ய வந்த ஜெர்மானிய மருத்துவர் ஒருவருக்கு நிரந்தர வாசம் மறுக்கப்பட்டது. அவருடைய மகனுக்கு டவுன் சிண்ட்ரோம் என்பதே காரணம். ஊரார் கொதித்தெழுந்தனர், பத்திரிகைகள் எழுதின, மந்திரி தலையிட்டு விசா வழங்கினார். 2023ஆம் வருஷம் பெர்த் நகரில், நம் அண்டை மாநிலமான கேரளத்திலிருந்து சென்று பல ஆண்டு உழைத்து வரி செலுத்திய குடும்பம் ஒன்று, அதே டவுன் சிண்ட்ரோம் காரணமாக வெளியேறும் தறுவாயில் நின்றது. மறுபடியும் மனுக்கள், மறுபடியும் பத்திரிகைகள், மறுபடியும் மந்திரி.

மந்திரியின் தலையீடு பெற்ற குடும்பங்களுக்காக நாம் மகிழ்கிறோம். ஆனால் அந்தத் தலையீட்டை அடையும் வழியைக் கவனியுங்கள். குடியேற்றச் சட்டத்தின் 351ஆம் பிரிவின்படி மந்திரி இரங்கி உத்தரவிடுவதற்கு முன், முதலில் இலாகா மறுக்க வேண்டும். பின்பு மறுவிசாரணை மன்றத்தில் வழக்காடி அங்கும் தோற்க வேண்டும். விதியில் விலக்கு இல்லாதபோது மன்றமும் கைகட்டி நிற்பதைத் தவிர வேறொன்றும் செய்ய இயலாது. ஆகவே தோற்கப்போவது நிச்சயம் என்று தெரிந்தே கட்டணமும் காலமும் செலவழித்துக் குடும்பம் வழக்காடுகிறது. அதன் பிறகும், மனுவைப் பரிசீலிக்கும்படி மந்திரியைக் கட்டாயப்படுத்த எந்த நீதிமன்றத்தாலும் முடியாது. அது அவருடைய சொந்த விருப்பத்தைச் சேர்ந்தது. தாய்நாட்டிலிருந்தபடி விண்ணப்பித்துத் தோற்றவர்களுக்கோ பெரும்பாலும் மன்றத்தின் வாசலே இல்லை. மன்றம் இல்லையேல் மந்திரியும் இல்லை. ஊரார் திரண்டெழுந்த குடும்பம் பிழைக்கிறது. பேச ஆளில்லாத குடும்பம் மௌனமாக மூட்டை கட்டுகிறது. ஒரு மனிதனுடைய உரிமை அவனுக்காகக் கூச்சலிடுவோரின் தொகையைப் பொறுத்திருக்குமானால், அதைச் சட்டத்தின் ஆட்சி என்று சொல்ல நா எழாது.

எதிர்த் தரப்பின் வாதத்தையும் மதித்துப் பார்க்க வேண்டும். வரி செலுத்தும் மக்களின் பணம் எல்லையற்றதல்ல. உறுப்பு மாற்றுச் சிகிச்சை போன்றவற்றில் உள்நாட்டார் வரிசையில் காத்திருக்கும்போது புதிதாய் வருபவரால் அந்த வரிசை நீளலாம். எல்லோருக்கும் கதவைத் திறந்தால் எங்கே முடியும் என்று கேட்கிறார்கள். கேள்வி நியாயமானது. ஆனால் கணக்கென்று வந்துவிட்டால் அது முழுக் கணக்காக இருக்க வேண்டும். அந்த நர்ஸைப் பெற்று, பாலூட்டி வளர்த்து, பள்ளியிலும் கல்லூரியிலும் படிக்கவைத்த செலவு முழுவதையும் தமிழ்நாட்டுச் சமூகம் ஏற்றது. தேர்ச்சி பெற்ற தொழிலாளியாக அவளைப் பெற்றுக்கொள்ளும் நாடு அதில் ஒரு காசும் செலவழிக்கவில்லை. அவளும் அவள் கணவனும் முப்பது வருஷம் உழைத்துச் செலுத்தப்போகும் வரியை வரவில் எழுதாமல், மகனுக்கு ஆகும் செலவை மட்டும் பற்றில் எழுதுவது எந்தக் கணக்கியலுக்கும் ஒவ்வாது. ஆஸ்திரேலியப் பார்லிமெண்டின் கூட்டுக் குழு ஒன்றே இந்த விஷயத்தை ஆராய்ந்து 2010ஆம் வருஷம் வெளியிட்ட அறிக்கையில், குடும்பத்தின் சமூக, பொருளாதாரப் பங்களிப்பையும் எண்ணிப் பார்க்க வேண்டும் என்று பரிந்துரைத்திருக்கிறது. அந்தப் பரிந்துரை இன்றுவரை முழுமையாக நிறைவேறவில்லை.

கனடாவும் இதே வினாவைச் சந்தித்தது. பொதுச் சேவைகளின்மேல் மிகையான சுமை என்பதே அங்கும் காரணமாகச் சொல்லப்பட்டது. 2005ஆம் வருஷம் அந்நாட்டின் உச்ச நீதிமன்றம், வியாதியின் பெயரை மட்டும் பார்த்துத் தீர்மானிக்கலாகாது, அந்தக் குடும்பத்தின் மெய்யான நிலைமையையும் செலவை ஏற்கும் சக்தியையும் பார்க்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. 2018ஆம் வருஷம் கனடிய அரசு வரம்பை மும்மடங்காக உயர்த்தி, சிறப்புக் கல்வி முதலிய சமூக உதவிகளின் செலவைக் கணக்கிலிருந்தே நீக்கிற்று. அதனால் கனடாவின் கஜானா காலியாகிவிடவில்லை. ஆஸ்திரேலியாவிலோ, கற்பனை மனிதனுக்குச் செலவு போடும் முறை இன்னும் அசைந்து கொடுக்கவில்லை.

மற்றொன்றையும் சொல்லாமல் விடலாகாது. மாற்றுத்திறனாளிகளைப் பேணுவதில் ஆஸ்திரேலியா பின்தங்கிய தேசமன்று. பாகுபாட்டைத் தடுக்கும் சட்டம் ஒன்றை 1992ஆம் வருஷத்திலேயே அது இயற்றியது. 2013ஆம் வருஷம் மாற்றுத்திறனாளிகளுக்கான தேசியக் காப்பீட்டுத் திட்டத்தைத் தொடங்கிற்று. ஆனால் அந்த 1992ஆம் வருஷத்துச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, குடியேற்றச் சட்டத்தின் காரியங்களுக்கு இது பொருந்தாது என்று விலக்கி வைக்கிறது. ஐக்கிய நாடுகளின் மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையை 2008ஆம் வருஷம் ஏற்றுக்கொண்டபோதும், தன் சுகாதார நிபந்தனைகளை அது பாதிக்காது என்று ஒரு விளக்கக் குறிப்பைச் சேர்த்தே ஏற்றது. குடிமகனாயின் அரவணைப்பு, குடிபுக வருபவனாயின் விலக்கல் என்ற இந்த இரட்டை நிலையை மறுபரிசீலனை செய்யும்படி, மாற்றுத்திறனாளிகளின் நிலையை ஆராய்ந்து 2023ஆம் வருஷம் அறிக்கை வெளியிட்ட அந்நாட்டு ராயல் கமிஷனே கேட்டுக்கொண்டிருக்கிறது. அயலான் சொல்லும் குறையாக இதைத் தள்ளிவிட முடியாது. அந்த நாட்டின் மனச்சாட்சியே சொல்லும் குறை இது.

ஆகவே செய்யத்தக்கவை தெளிவாக இருக்கின்றன. 4005 என்ற நிபந்தனையை நீக்கி, நிரந்தர விசாக்கள் எல்லாவற்றுக்கும் 4007ஐப் பொதுவாக்க வேண்டும். இது ஒரு விதித் திருத்தத்தால் முடியக்கூடிய காரியம். விலக்கைத் தீர்மானிக்கும்போது குடும்பத்தின் வருமானம், சேவை, உறவுப் பிணைப்பு ஆகியவற்றைக் கட்டாயமாக எடைபோட வேண்டும் என்பதை அதிகாரியின் மனப்போக்குக்கு விடாமல் விதியிலேயே எழுத வேண்டும். அந்த மண்ணிலேயே பிறந்து வளரும் குழந்தையின் குறைபாட்டைக் காரணமாக்கிப் பெற்றோரை வெளியேற்றும் வழக்கம் ஒரு விதிவிலக்கும் இன்றி ஒழிய வேண்டும். இவற்றால் காசநோய்க்கான பரிசோதனைக்கோ, பொதுச் சுகாதாரத்துக்கோ எள்ளளவும் பங்கம் நேராது.

கடல் கடந்து செல்ல ஆயத்தமாகும் நம் குடும்பங்களுக்கும் ஒரு வார்த்தை. குழந்தையின் குறைபாட்டை மறைத்து விண்ணப்பிக்கலாம் என்று எவரேனும் யோசனை சொன்னால் செவி கொடுக்காதீர்கள். பொய்யான தகவல் தந்ததாகத் தெரிந்தால், விசா மறுக்கப்படுவதோடு மூன்று வருஷம் வரையில் மறுபடி விண்ணப்பிக்கவும் தடை விழும். எந்த வகை விசாவுக்கு விலக்கு உண்டு, எதற்கு இல்லை என்பதைப் பணம் கட்டுவதற்கு முன்பே, பதிவு பெற்ற ஆலோசகரிடமோ வழக்கறிஞரிடமோ கேட்டறியுங்கள். முதலாளியின் ஆதரவோடு போகும் வழி சில சமயம் திறந்திருக்கும், புள்ளிக் கணக்கு வழி மூடியிருக்கும். அங்கே குடியுரிமை பெற்று வாக்குரிமையோடு வாழும் தமிழர்களோ தங்கள் தொகுதிப் பிரதிநிதிக்கு இதை எழுத வேண்டும். ஒரு குடும்பம் வெளியேற்றப்படும் நாளில் மட்டும் மனுவில் கையொப்பமிடுவதோடு நிறுத்திவிடாமல், அந்த மனுவுக்கே அவசியம் நேராதபடி விதியை மாற்றும்வரை கேட்டுக்கொண்டேயிருப்பது அவர்கள் கடமை.